கெக் முழுக்க நுரை: மூன்று நாளில் சரியான கதை

மெல்பர்னில் வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படியே செய்யக்கூடிய வேலை. உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பதற்குத்தான் அனுமதி இல்லை. ஈஸ்டர் விடுமுறைக்கு முன் 19 லிட்டர் கெக்கில் (பீர் அடைத்து வைக்கும் உலோகப் பீப்பாய்) பேல் ஏல் என்ற வெளிர் நிற பீரை நிரப்பி, ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைத்து, பீரை நுரைக்கச் செய்யும் கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) சீக்கிரம் ஏறட்டும் என்று, கேஸ் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை 30 பிஎஸ்ஐயில் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு) விட்டேன். ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் போதும். ஊருக்குப் போய்விட்டதால் நான்கு நாள் அப்படியே கிடந்தது.

திரும்பி வந்து குழாயைத் திறந்தால் கிளாஸ் முழுக்க நுரை, அடியில் இரண்டு விரல் பீர். முதல் கிளாஸ் மட்டும் நுரைத்தால் குழாய் சூடாக இருக்கிறது என்று விட்டுவிடலாம். எனக்கு ஐந்தாவதும் அப்படியே வந்தது.

உடனே ரெகுலேட்டரை 4 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். நுரை இன்னும் மோசமானது. யோசித்தால் காரணம் புரியும்: மேலே அழுத்தம் குறைந்தாலும், பீருக்குள் கரைந்த கேஸ் அப்படியேதான் இருக்கிறது. பிடித்து வைக்க அழுத்தம் இல்லாததால் டியூபிலேயே பிரிந்து வருகிறது. கெக்கில் அழுத்தம் அதிகமாக இருக்கும்போது ரெகுலேட்டரைக் குறைத்தால், பீர் கேஸ் டியூபுக்குள் ஏறிவிடும் ஆபத்தும் உண்டு.

அதனால் கேஸ் இணைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டினேன். இரவு முழுக்க விட்டு, காலையில் பார்த்தால் 24 பிஎஸ்ஐ. அந்தக் குளிரில் 12 இருந்தால்தான் பீரின் அளவைப்போல் 2.5 மடங்கு கேஸ், அதுதான் பேல் ஏலுக்கு ஏற்றது. 24 என்றால் மூன்றரைக்கும் மேல். கணக்குப் போட்டால் மீதியிருந்த 17 லிட்டரிலிருந்து சுமார் 20 லிட்டர் கேஸ் வெளியேற வேண்டும். வால்வை ஒரு தடவை இழுத்தால் தீருகிற விஷயம் இல்லை.

கெக்கை மெதுவாக ஆட்டி, அரை மணி நேரம் அடங்கவிட்டு, கேஸை வெளியேற்றும் ரிலீஸ் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். அடங்க விடாமல் இழுத்தால் பீர் பீய்ச்சி அடிக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை. மூடியை மட்டும் திறக்கவே இல்லை. காற்று பட்டால் பீருக்கு மணம் தரும் ஹாப் பூவின் வாசனை போய்விடும், அவ்வளவு உழைப்பும் வீண். முதல் நாள் இரவு 19, இரண்டாம் நாள் 15, மூன்றாம் நாள் காலை 12.

அப்புறம் ரெகுலேட்டரை 12இல் வைத்துவிட்டு கேஸை மாட்டினேன். ஒன்றரை மீட்டர் இருந்த 5 மில்லிமீட்டர் பீர் டியூபை மாற்றி 3 மீட்டர் போட்டேன். டியூப் நீளமானால் பீர் நிதானமாக வரும்.

அன்று மாலை குழாயை முழுவதுமாகத் திறந்தேன். பாதி திறந்தால் அதுவே நுரையைக் கிளப்பும். முதல் கிளாஸில் கொஞ்சம் நுரை, இரண்டாவதில் பொன்னிறம், மேலே இரண்டு விரல் வெள்ளை.