மிளகாய் நாற்று ஏன் துவண்டது?
போன வாரம் மாடியில் மிளகாய் நாற்றைப் பிடுங்கி வேறு தொட்டியில் நட்டேன், மண் நல்ல ஈரமாகத்தான் இருந்தது, ஆனாலும் மதியத்துக்குள் இலையெல்லாம் துவண்டு தொங்கிவிட்டது. தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது தடித்த வேர் இல்லை, நுனிக்குச் சற்று மேலே வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும் வேர்த்தூவிகள்தான். ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்லின் நீட்சி, வெடுக்கென்று இழுத்தால் மண்ணோடு அறுந்துவிடும். 1937-இல் டிட்மர் என்ற தாவரவியலாளர், கோதுமை மாதிரியான ரை என்ற தானியத்தின் ஒரே செடியில் சுமார் 1,400 கோடி தூவிகள் என்று கணக்கிட்டார், அடேயப்பா! தூவிக்குள் இருக்கும் சாறு மண்ணீரைவிட அடர்த்தியானது, அதனால் சவ்வூடு பரவலில், அதாவது மெல்லிய சவ்வு வழியே அடர்த்தி கூடிய பக்கம் நீர் நகர்வதில், நீர் தானாக உள்ளே வருகிறது, அப்புறம் இலையில் ஆவியாகும் நீர் மேலிருந்து இழுக்கிறது. உரத்தை அள்ளிப் போட்டால் மண்ணீர் தூவிச் சாற்றைவிட அடர்த்தியாகிவிடும், செடி கருகுவது இப்படி இந்தக் கணக்கு தலைகீழாவதால்தான். இப்போதெல்லாம் நாற்றை மண்கட்டியோடு பெயர்த்து, சாயங்காலம் நட்டு, இரண்டு நாள் நிழலில் வைக்கிறேன்.