செம்பனைக் காட்டில் துப்பாக்கியோடு நடப்பவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் காட்டுப்பன்றி நெடுநாளைய தொல்லை. நட்டு ஓரிரு ஆண்டே ஆன செம்பனை (எண்ணெய்ப் பனை) கன்றின் குருத்தை அது கடித்துத் தின்றுவிட்டால் அந்தக் கன்று பெரும்பாலும் பிழைப்பதில்லை. மரம் வளர்ந்து குலை தள்ளிய பிறகோ, பழுத்து உதிரும் பழங்களைத் தேடி இரவிலும் விடியலிலும் மரத்தடிக்கே வந்துவிடுகிறது. அதனால், காவல் துறையின் உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை நான் குறை சொல்ல வரவில்லை. அதை எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் நடக்கும் முறையைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பதே என் கவலை.

பன்றி எந்த மரத்தடிக்கு வருகிறதோ, அதே மரத்தடியில்தான் உதிர்ந்த பழம் பொறுக்கும் பெண்ணும் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். மரத்துக்கு மரம் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளி இருந்தாலும், இளம் மரங்களின் மட்டைகள் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருப்பதால், அடுத்த வரிசையில் இருப்பது யார் என்று நிமிர்ந்து நிற்பவருக்குத் தெரியாது. மட்டை அசைவதும் சருகு நொறுங்குவதும் மட்டும் தெரியும். நம் நாட்டில் வேட்டைத் துப்பாக்கியால் நேர்ந்த மரணங்களைப் பற்றிய செய்திகளில், விலங்கு என நினைத்துச் சுட்டுவிட்டார் என்ற வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. அப்படி இறந்தவர் பல வேளைகளில் உடன் வந்த நண்பராகவோ உறவினராகவோ இருக்கிறார். இரண்டு பக்கமாகப் பிரிந்து நடந்தவர்களில் ஒருவர், மற்றவர் இன்னும் முதலில் நின்ற இடத்திலேயே இருப்பதாக நம்பியிருப்பார். வேட்டையின் பரபரப்பில் இருப்பவருக்குத் தான் எதிர்பார்த்ததே கண்ணில் தெரியும். ஆகவே தலை, உடல், கால் என விலங்கின் முழு உருவமும் தெளிவாகத் தெரியும் வரை விரல் விசையின் பக்கமே போகக் கூடாது. பன்றி தப்பித்துப் போனால் போகட்டும். நாளைக்கும் அது வரும்.

நெற்றி விளக்கை நம்பிச் சுடுவது இன்னும் ஆபத்தானது. மாடு, ஆடு, நாய், மரநாய் ஆகியவற்றின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால், விளக்கு பட்டவுடன் அவற்றின் கண்கள் மின்னும். பன்றியின் கண்ணில் அந்தப் படலம் கிடையாது. அதாவது, இருட்டில் பளிச்சென்று மின்னுவதைப் பார்த்துப் பன்றி என்று முடிவு செய்பவர், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீட்டுக்காரர் ஒருவரின் பசு மாட்டையோ, இன்னொருவர் தலையில் கட்டியிருக்கும் விளக்கையோதான் குறிபார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் தோட்டக் காவலுக்கு எடுக்கப்பட்ட சிறப்புக் காவலர்களில் என் தாத்தாவும் ஒருவர். பின்னாளில் உரிமம் பெற்று, நடுவில் மடித்துத் திறக்கும், மலாயில் செனாப்பாங் பாத்தா எனப்படும் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். காட்டில் சிறு கால்வாயைத் தாண்டுவதானாலும், சாய்ந்து கிடக்கும் மரத்தின் மேல் ஏறுவதானாலும், முதலில் துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிடுவார். ஒரு முறை, "பாதுகாப்புத் தாழைப் போட்டால் போதாதா தாத்தா?" என்று கேட்டேன். "தாழு விசையத்தான்யா புடிக்கும், கீழ விழுந்தா அதுக்கு என்ன தெரியும்?" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பெரும்பாலான வேட்டைத் துப்பாக்கிகளில் அந்தத் தாழ் விசையை மட்டுமே தடுக்கிறது. உள்ளே இழுபட்ட நிலையில் இருக்கும் சுத்தியலைத் தடுப்பதில்லை. வழுக்கும் கால்வாய்க் கரையில் கை தவறி விழும் துப்பாக்கி, தாழ் போட்டிருந்தாலும் வெடிக்கலாம். திறந்திருக்கும் துப்பாக்கி வெடிக்காது. கூட நடப்பவர்களும் அதைத் தொலைவிலிருந்தே பார்த்து நிம்மதியாக வரலாம்.

தோட்டாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போர் (bore) என்பது குழலின் அளவு; எண் கூடினால் குழல் சிறிது. 20 போர் தோட்டா ஒன்று தவறுதலாக 12 போர் துப்பாக்கிக்குள் போய்விட்டால், அது வழுக்கிச் சென்று, தோட்டா அமரும் அறைக்குச் சற்று முன்னால் குழலில் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி காலியாக இருப்பதாக எண்ணி அதற்குப் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால், குழல் பிடித்திருக்கும் கைக்கு அருகிலேயே வெடித்துச் சிதறும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். இரண்டு அளவுத் தோட்டாக்களை ஒரே சட்டைப் பையில் போடக் கூடாது. இரவல் வாங்கிய தோட்டாவைப் பார்க்காமல் போடவே கூடாது. குழலுக்குள் சேறு புகுந்திருந்தாலும் இதே ஆபத்துதான். நம் ஊர் ஈரத்தில் நாள்பட்டுக் கிடந்த தோட்டா விசையை இழுத்தும் வெடிக்காமல் போகலாம். அப்போது உடனே திறந்து பார்க்காமல், குழல் வாயை ஆளில்லாத பக்கம் நோக்கிப் பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும், ஏனெனில் சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும்.

பன்றிக்குப் போடும் பெரிய ரவைத் தோட்டாவில் சாதாரணமாக ஒன்பது குண்டுகள் இருக்கும். அவை ஒன்றாகப் போய் ஒரே இடத்தில் படுவதில்லை. போகப் போக விரியும். படாத குண்டு பல நூறு மீட்டர் போகும். கெட்டித் தரையிலும் நீரிலும் பட்டுத் திசை மாறும். ஆகவே பன்றியைப் பார்த்தால் போதாது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். நம் செம்பனை வரிசைகளின் முடிவில் பெரும்பாலும் ஒரு சாலையோ கோயிலோ லயமோதான் இருக்கிறது.

வீட்டில், துப்பாக்கி காலியாகப் பூட்டுக்குள் இருக்க வேண்டும். தோட்டா வேறிடத்தில், வேறு பூட்டில். அலமாரி மேல் வைத்தால் பிள்ளைகளுக்கு எட்டாது என்று நம்புவது வீண். பிள்ளைகள் நாற்காலி போட்டு ஏறத் தெரிந்தவர்கள்; பள்ளி விடுமுறையில் அவர்களுக்கு நேரமும் உண்டு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் அச்சட்டத்தின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறை. 1971ஆம் ஆண்டுச் சுடுகருவிகள் (கூடுதல் தண்டனைகள்) சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானால் பதினான்கு ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. பட்டறையில் குழாயை வைத்துச் செய்யும் துப்பாக்கியும், கம்பி இடறினால் தானே வெடிக்கும்படி காட்டில் கட்டிவைக்கும் பொறியும் எந்த வேட்டை உரிமத்தாலும் அனுமதிக்கப்பட்டவை அல்ல. அந்தப் பொறிக்குப் பன்றியின் காலும் பால்மரம் (ரப்பர்) சீவப் போகிறவரின் காலும் ஒன்றுதான். கவனக்குறைவால் ஒருவரின் உயிர் போனால் தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவின் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கலாம்.

எங்கள் தோட்டக் கோயில் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கப் போகிறேன். உரிமம் உள்ளவர்கள் வேட்டைக்குப் போகுமுன், எந்தப் பகுதிக்கு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை போகிறார்கள் என்பதை முதல் நாளே தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணியிடம் சொல்லிவிட வேண்டும்; அவர் அதைக் காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும்போது) எல்லா மொழித் தொழிலாளர்களுக்கும் புரியும்படி அறிவிக்க வேண்டும். இன்று பழம் பொறுக்குபவர்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நிறைய இருப்பதால், தமிழில் மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. வேட்டைக்குப் போகிறவர்கள் அனைவரும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிய வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்பேன். அதற்கான செலவைக் குழு ஏற்க முடியாவிட்டால், முதல் சில சட்டைகளை நானே வாங்கித் தருகிறேன்.