மடிப்பாக்கம் அபார்ட்மென்ட்டில் ஒரு கார் சார்ஜர் வாங்கி மாட்டிய கதை

எலெக்ட்ரிக் கார் வாங்கி மூன்று மாதம் பார்க்கிங்கில் இருந்த சாதாரண 15 ஆம்ப்ஸ் பிளக் பாயிண்ட்டில்தான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலையில் பிளக்கைப் பிடுங்கியபோது கை சுட்டது. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக உருகியிருந்தது. கெய்சர் மாதிரி அரை மணி நேரம் ஓடும் பொருளுக்கு அந்த பாயிண்ட் போதும். ராத்திரி முழுக்க 3 கிலோவாட் இழுத்துக்கொண்டே இருந்தால் தாங்காது. மேலே ஆறு குடும்பங்கள் தூங்குகின்றன. அன்றைக்கே சுவரில் மாட்டும் சார்ஜர் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் காரின் உள்ளேயே பேட்டரியை ஏற்றும் சார்ஜர் 7.2 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ். அதாவது, மூன்று மின்கம்பிகளில் (ஃபேஸ்) ஒன்றிலிருந்து மட்டும்தான் எடுக்கும். அதனால் அதே அளவில், 32 ஆம்ப்ஸ், டைப் 2 கன் (காரில் செருகும் பிடி), 5 மீட்டர் கேபிளோடு சுவர் சார்ஜர் ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். நான்கு நாளில் வரும் என்றார்கள். ஐந்தாம் நாள் நான் கேட்டிலேயே நின்றுகொண்டிருக்கும்போது, 'வீட்டில் ஆள் இல்லை' என்று மெசேஜ் வந்தது. ஏழாம் நாள்தான் பெட்டி வந்தது. கொண்டுவந்த தம்பிக்கு இன்னும் பத்து வீடு பாக்கி. "சார், ஓடிபி மட்டும் சொல்லிடுங்க" என்றான். சொல்லிவிட்டேன். நல்லவேளையாக, பெட்டி பிரிப்பதை மகள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்தது 11 கிலோவாட், த்ரீ ஃபேஸ் சார்ஜர். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 415 வோல்ட், 16 ஆம்ப்ஸ் என்று இருந்தது. 11 என்பது 7.2-ஐ விடப் பெரிதுதானே, லாபம்தானே என்று பலர் நினைப்பார்கள். எங்கள் கார் ஒரு ஃபேஸை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு ஃபேஸில் 16 ஆம்ப்ஸ் என்றால் மூன்றரை கிலோவாட்தான் கிடைக்கும். பழைய பிளக் பாயிண்ட்டைவிடக் கொஞ்சம்தான் மேல். கம்பெனியோ, ஓடிபி கொடுத்தாயிற்று, டெலிவரி முடிந்துவிட்டது என்றே இரண்டு நாள் பதில் சொன்னது. சீல் கிழிப்பதிலிருந்து ஸ்டிக்கர் வரைக்கும் ஒரே ஓட்டமாக இருந்த அந்த வீடியோவை அனுப்பிய பிறகுதான் மாற்றித்தர ஒப்புக்கொண்டார்கள். சரியான சார்ஜர் கைக்கு வர மேலும் பதினொரு நாள்.

அந்தப் பதினொரு நாளும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தவுடன் கேட்டது, "சார், டப்பாவை அப்புறம் பார்க்கலாம். எர்த்து எங்கே இருக்கு, அதைக் காட்டுங்க." எர்த் என்பது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி. மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) எர்த்துக்கும் இடையில் வைத்தார். 38 வோல்ட். இரண்டு மூன்றுக்குள் இருக்க வேண்டியது. கட்டடம் கட்டியபோது போட்ட எர்த் கம்பி மண்ணுக்குள் துருப்பிடித்து அறுந்தே போயிருந்தது. ஃபேனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இது வெளியே தெரியாமலே இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. ஆனால் எர்த் சரியில்லை என்றால் கார் சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு வேலை செய்ய மறுத்துவிடும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், மறுப்பதுதான் நியாயம். பக்கவாட்டுச் சந்தில் புதிதாகக் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் இறக்கினோம்.

மீட்டர் பலகையிலிருந்து எங்கள் பார்க்கிங் வரை 22 மீட்டர். அவ்வளவு தூரத்துக்கு 10 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் போடலாம் என்றார், போட்டோம். லோடு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்சான எம்சிபி 40 ஆம்ப்ஸில் போட்டோம். மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வாங்கும்போது மட்டும் கவனமாக இருங்கள். கடையில் பேசாமல் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஏசி டைப். காருக்கு டைப் ஏ, 30 மில்லி ஆம்ப்ஸ் வேண்டும். கார் பக்கமிருந்து துடிப்புத் துடிப்பாக வரக்கூடிய டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கசிவை ஏசி டைப் கண்டுகொள்ளாது. முகப்பில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் படம் இருக்கும். வெறும் அலைக்கோடு மட்டும் இருந்தால் ஏசி டைப். அதன் கீழே பாதி அலை மேடுகள் மாதிரி இன்னொரு கோடும் இருந்தால் டைப் ஏ. பாரிமுனையில் மூன்றாவது கடையில்தான் எனக்குக் கிடைத்தது.

வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு இருந்தாலும் சாங்ஷன் லோடு (வாரியம் அனுமதித்த மின் அளவு) போதவில்லை. மின்வாரிய இணையதளத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்துப் பணம் கட்டினேன். மூன்று ஃபேஸ்களில் பெட்ரூம் ஏசிகள் இரண்டும் ஆர் ஃபேஸில் இருந்ததால், ஒன்றிலேயே பாரம் சேராமல் சார்ஜரை பி ஃபேஸில் கொடுத்தார் எலக்ட்ரீஷியன் அண்ணன்.

இதற்கிடையில் இரண்டாம் மாடி மாமாவுக்குப் பயம். "தம்பி, கீழே தீப்பிடிச்சா நாங்க எந்த வழியா இறங்குவோம்?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே கார் உரிமையாளர் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லியிருந்தது. அதைக் காட்டினேன். ஆனால் அந்தக் காகிதத்தைவிட, உருகிய பழைய சாக்கெட்டையும் புதிய ஆர்சிசிபியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதுதான் அவருக்குப் புரிந்தது. டெஸ்ட் பட்டனை அவரையே அழுத்தச் சொன்னேன். 'டக்' என்று விழுந்ததைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

மாட்டும் உயரத்தை முடிவு செய்தது 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம். பார்க்கிங் தூணில் மூன்றடி உயரத்தில் சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. சார்ஜரையும் அதன் எம்சிபி பெட்டியையும் ஐந்தடிக்கு மேல் வைத்தோம்.

இப்போது ராத்திரி பதினொன்றுக்குப் போட்டால் காலை ஐந்துக்குள் கார் தயார். மின்கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாபின் (குறைந்த யூனிட்டுகளுக்கான கட்டணப் படி) விலையும் சேர்ந்து ஏறிவிடும், எங்களுக்கு ஏறிவிட்டது. அப்படியும் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் பாதிகூட ஆகவில்லை.

மே மாத வெயிலில் ஒருநாள் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். மாட்டிய அன்று 2 வோல்ட் காட்டியது 6 ஆகியிருந்தது. காய்ந்துபோன எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலை 3-க்கு இறங்கியிருந்தது.