டெமோ கிளாஸில் சறுக்கும் இடம்

ஆய்வு மாணவர்களுக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை டியூட்டோரியல், ஆய்வக வகுப்பு, மதிப்பீடு போன்ற பொறுப்புகளைத் தரலாம் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பிஎச்.டி. விதிமுறை. பல துறைகளில் அந்த நேரம் வருகைப்பதிவு ஏற்றுவதிலும் செமினாருக்கு நாற்காலி போடுவதிலும் கரைந்துவிடுகிறது. ஸ்காலர்களும் அதற்காக வருந்துவதில்லை. அதே குழுவின் ஆசிரியர் நியமனத்துக்கான 2018 விதிமுறைப்படி பிஎச்.டி. படித்த காலம் கற்பித்தல் அனுபவமாகக் கணக்கில் வராது. ஏற்கெனவே வேலையில் இருந்து, விடுப்பெடுக்காமல் படித்தவர்களுக்குத்தான் விலக்கு. மார்க் இல்லாத வேலைக்கு எதற்கு மெனக்கெட வேண்டும்?

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நேர்முகத்தில் "பத்து நிமிஷம் கிளாஸ் எடுங்க" என்றதும் இந்தக் கணக்கு இடிக்கும். ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட்டின் முதல் தாளில் கற்பிக்கும் திறன் பற்றிக் கேட்கிறார்கள்தான். மொத்தம் 50 கேள்வி, 100 மதிப்பெண், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பவை. சாக்பீஸோடு போர்டு முன்னால் நிற்பது வேறு.

தலைப்பு புள்ளியியலில் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு என்று வைத்துக்கொள்வோம். வரையறை, வரலாறு, சூத்திரம் என்று போனால் பத்து நிமிடமும் சூத்திரத்திலேயே முடிந்துவிடும். அதற்குப் பதில் போர்டில் இரண்டு வகுப்பின் மார்க், இரண்டே வரிசை: முதலில் 48, 50, 52; அடுத்து 20, 50, 80. இரண்டுக்கும் சராசரி 50. "இரண்டு வகுப்பும் ஒன்றா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பேசாமல் நிற்க வேண்டும். அந்த மௌனத்தைப் பொறுக்காமல் தானே பதில் சொல்லிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பிறகு சராசரியிலிருந்து விலகலைக் கூட்டிக் காட்டலாம்: இரண்டிலும் பூஜ்யம். அப்போதுதான் வர்க்கப்படுத்துவது எதற்கென்று புரியும். திட்ட விலக்கம் முதல் வரிசைக்குச் சுமார் 1.6, இரண்டாவதற்கு 24.5. சூத்திரம் கடைசியில் வந்தால் போதும். "ஏன் சில இடங்களில் எண்களின் எண்ணிக்கையான n-ஆல் வகுக்காமல் n−1-ஆல் வகுக்கிறோம்?" என்று பேனலில் ஒருவர் கேட்கக்கூடும்; அதற்கு இரண்டு வாக்கியத்தில் பதில் தயாராக இருக்கட்டும்.

எழுதும்போது பேசக்கூடாது, முதுகைக் காட்டிக்கொண்டு சொல்வது பின் பெஞ்சுக்குக் கேட்காது. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இருக்கும் வகுப்பில் கலைச்சொல்லை இரண்டு மொழியிலும் போர்டில் எழுதிவிடுவது நல்லது. பிபிடியை நம்பிப் போகாதீர்கள், ப்ரொஜெக்டர் இல்லாத அறைகள் நிறைய.

மாணவர் எங்கே இடறுவார் என்பதைக் கற்றுத் தருவது விடைத்தாள்தான். மார்க் போடாமல் முதலில் ஐந்து தாளைப் படித்துவிட்டு, பிறகு ஸ்கீமை முடிவு செய்யுங்கள்: ஐந்து மார்க் கணக்கென்றால் சூத்திரம் 1, பிரதியிடல் 1, செய்முறை 2, விடை 1 என்பது போல. ஒரு தாளை முழுதாக முடித்து அடுத்ததை எடுக்காமல், எல்லாத் தாளிலும் ஒரே கேள்வியைத் திருத்திக்கொண்டு போக வேண்டும். இருபது தாள் தாண்டியதும் முதல் மூன்றைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் கை இறுகியிருந்ததா, தளர்ந்திருந்ததா என்பது தெரிந்துவிடும். எல்லாரும் ஒரே வரியில் தப்பு செய்திருந்தால் அந்த வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டெமோவுக்கு எடுக்க வேண்டிய தலைப்பு அதில்தான் இருக்கிறது.