‘கெட்’ அட்டைப் பயிற்சி: குன்னூரில் இதுவரை

‘கெட்’ என்ற ஆங்கில வினையின் பொருள்களை அகராதியிலிருந்து வரிசையாக உருப்போடும் வேலையை விட்டாயிற்று. பேசும்போது அந்தப் பட்டியல் வாயில் வருவதில்லை. இப்போது நடப்பது அட்டைப் பயிற்சி. முன்பக்கம் ஒரு தமிழ் வாக்கியம், பின்பக்கம் அதன் ஆங்கிலம். முன்பக்கத்தில் ‘கெட்’ என்று எழுதவே கூடாது. எழுதினால் யோசிக்க ஒன்றும் இருக்காது.

அட்டைகளைக் கட்டு பிரிப்பது ‘கெட்’டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதைப் பார்த்து. பெயர்ச்சொல் வந்தால் கிடைப்பது அல்லது வாங்குவது: ‘ஐ காட் எ லெட்டர்’ (‘காட்’ என்பது ‘கெட்’டின் இறந்தகாலம்). பெயரடை வந்தால் ஆவது: ‘இட் கெட்ஸ் கோல்ட் அட் நைட்’, ஊட்டி டிசம்பருக்கு அளவெடுத்த வாக்கியம். இடம் வந்தால் போய்ச் சேர்வது: ‘வீ காட் டு கோத்தகிரி அட் டென்’. ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ இவற்றுக்கு முன்னால் மட்டும் ‘டு’ கிடையாது. இந்த மூன்று கட்டும் சீக்கிரமே படிந்துவிட்டன.

இழுபறி பஸ்ஸில்தான். ‘இறங்கு’ என்பதற்கு ‘கெட் டவுன்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தியாவுக்குள் அது புரியும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘கெட் ஆஃப்’ என்பார்கள். நின்று நடமாட முடிகிற பஸ், ரயிலுக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. குனிந்து நுழைந்து உட்காரும் காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. காலைத் தூக்கிப்போட்டு ஏறும் பைக்குக்கும் குதிரைக்கும் மறுபடி ‘ஆன்’, ‘ஆஃப்’. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி, ஊட்டியில் இறங்கி, கார் பிடித்து வீடு சேர்வதை ஒரே அட்டையில் எழுதினால் எல்லாம் ஒரு வீச்சில் பழகும்.

அதிகம் சறுக்குவது ஆள் வைத்துச் செய்யும் வேலைகளில். ‘முடி வெட்டினேன்’ என்றால் சலூனுக்குப் போனதாகத் தமிழில் புரிந்துகொள்வோம். ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கத்தரிக்கோலைத் தானே பிடித்ததாக அர்த்தமாகிவிடும். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பதே சரி. வரிசை மாறக் கூடாது: கெட், பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். ஒழுகும் தகரக் கூரைக்கும் இதே அச்சு: ‘வீ காட் த ரூஃப் ரிப்பேர்ட்’. ‘வீ காட் ரிப்பேர்ட் த ரூஃப்’ என்று வந்தால் அட்டையைக் கட்டின் அடியில் செருகாமல் மேலிருந்து மூன்றாவதாக வைக்க வேண்டும். உடனே திரும்பி வந்தால்தான் நாக்கு திருந்தும்.

ஆளையே சம்மதிக்கவைத்தால் ‘டு’ தேவை: ‘ஐ காட் ஹிம் டு கம்’. ‘மேக்’ வந்தால் ‘டு’ போய்விடும்: ‘ஐ மேட் ஹிம் கம்’. இந்த இரண்டும் இன்னும் கலந்தே வருகின்றன. அது தெளிந்த பிறகுதான் ‘கெட் ஓவர்’ (மீண்டு வருவது), ‘கெட் பை’ (சமாளிப்பது) கட்டுகளைப் பிரிக்க வேண்டும்.