ஒன்பதாவது கேள்வி

"அதை அழிச்சிடும்மா. சைபர்னே போட்டுக்கோ."

இதைச் சொன்னபோது அந்த நோயாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. டயாலிசிஸ் மெஷினில் மாறிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் அதற்குள் 1-ஐ வட்டமிட்டிருந்தேன்.

மனச்சோர்வைப் பற்றி ஆய்வு செய்கிறவர்களுக்கு பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் மனப்பாடமாகவே இருக்கும். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, ஆக மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். முதல் எட்டும் தூக்கம், பசி, அசதி, கவனம் என்று போகும். (சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அசதியும் பசியின்மையும் மனதால் வருகிறதா, நோயால் வருகிறதா என்று பிரிப்பதே பெரும்பாடு. என் தீசிஸின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க அந்தப் புலம்பல்தான்.) ஒன்பதாவது வேறு ரகம். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னை ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கும். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரே கேள்வி, ஒரே வட்டம்.

நோயாளியே நிரப்பும்படி உருவாக்கப்பட்ட கேள்வித்தாள் அது. ஆனால் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துவைத்த இடம்) இருக்கிற கையில் ஊசி ஏறிவிட்டால் கையை அசைக்கக் கூடாது. அவருக்கு அது எழுதுகிற கை. அதனால் நான் படித்தேன், அவர் சொன்னார், நான் வட்டமிட்டேன். காகிதத்தில் சத்தமில்லாமல் ஒரு வட்டம் போடுவதும், ஒரு ஆளின் முகத்துக்கு நேரே வாய்விட்டுச் சொல்வதும் ஒன்றில்லை என்று அப்போதே தெரியும். ஊசி போடுவதற்கு முன்னால் வந்திருக்கலாம். அந்த நேரத்தில் வார்டில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது, நான் குறுக்கே நின்றால் திட்டுவார்கள். அது ஒரு காரணம். நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் படுத்திருக்கிறவர் எங்கும் எழுந்து போக மாட்டார் என்பது இன்னொரு காரணம். இதை மட்டும் ஆய்வு முறை என்ற அத்தியாயத்தில் எழுதவில்லை.

சரி, அன்று நடந்தது இதுதான். ஒன்பதாவது கேள்வியைப் படித்தேன். கொஞ்சம் சிரித்தார். "இதுல படுத்திருக்கிற யாருக்குத்தாம்மா தோணாது? சில நாள் தோணும்." சில நாட்கள் என்றால் 1. வட்டமிட்டேன். அப்புறம் குரலை மாற்றாமல், "ஐயா, இதை நான் டாக்டர்கிட்ட சொல்லணும்" என்றேன். அப்போதுதான் அழிக்கச் சொன்னார்.

"ஃபார்ம்ல இருக்குங்கய்யா, படிச்சுக் காட்டினேனே."

"எதைப் படிச்சே?"

படித்தேன்தான். ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், நீங்கள் சொல்வது ரகசியமாக வைக்கப்படும் என்பதற்கு அடுத்த வரியில், உங்கள் பாதுகாப்புக்கு ஆபத்து என்று தோன்றினால் மருத்துவருக்குத் தெரிவிக்கப்படும் என்று இருக்கும். முதல் வரியை நிறுத்தி நிதானமாகவும் இரண்டாவது வரியை ஒரே மூச்சிலும் படிக்கிற பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வரியைக் கேட்டால் முகம் தளரும், இரண்டாவதைக் கேட்டால் இறுகும். பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கினால் யாருக்கும் தானாகவே வந்துவிடும் பழக்கம்தான்.

அழிக்கவில்லை. மொத்தம் 11 வந்திருந்தது. அவர் சொன்னபடி மாற்றியிருந்தால் 10. இரண்டுமே ஒரே வகைக்குள்தான் விழும். என் அட்டவணையில் ஒரு புள்ளிகூட நகர்ந்திருக்காது. அந்த 1 ஆய்வுக்குத் தேவைப்படவே இல்லை. ஆனால் ஒன்பதாவதில் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் அன்றே சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்து, அதன் பேரில் அனுமதி வாங்கியவள் நான். சொன்னேன். டியூட்டி டாக்டர் வந்து திரையை இழுத்துவிட்டு அவரிடம் பேசினார். துணித் திரை. பக்கத்துப் படுக்கைகளுக்கு எல்லாமே கேட்டிருக்கும். பிறகு மனநல மருத்துவரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் அருகே போனதும், "என் பேரை எடுத்துடு. நான் சொன்னது எல்லாத்தையும் எடுத்துடு" என்றார். அதற்கு முன்பெல்லாம் என்னை 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவார். நான் செவிலியராக இருந்து ஆய்வுக்கு வந்தவள், வெள்ளைக் கோட்டு மட்டும் போட்டிருந்தேன். ஒருமுறைகூட அவரைத் திருத்தவில்லை. அந்தப் பட்டத்துக்குத்தானே இந்தப் பாடு என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டதுண்டு. ஆய்வில் சேருகிறவர்கள் ஆய்வையும் சிகிச்சையையும் ஒன்றாக நினைத்துக்கொள்வார்கள் என்று 1982-லேயே எழுதிவைத்து, அதற்கு ஒரு பெயரும் கொடுத்திருக்கிறார்கள். நானே அதைப் பற்றி செமினார் எடுத்திருக்கிறேன்.

கைடிடம் சொன்னேன். "நீ செஞ்சது சரி. சொல்லாம விட்டு ஏதாவது ஆகியிருந்தா?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மறுபடி அதே நிலைமை வந்தாலும் சொல்லத்தான் செய்வேன். ஆனால் கைடு சொன்னதை நினைத்து நான் நிம்மதியடையும்போதெல்லாம் ஒரு சந்தேகம் கூடவே வரும். நான் சொன்னது அவருக்காகவா, 'ஏதாவது ஆகியிருந்தால்' என்பதில் எனக்கு இருந்த பயத்துக்காகவா? செவிலியராக இருந்த நாட்களில் ஒரு நோயாளி இப்படிச் சொன்னால் முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். எந்த நாட்களில் தோன்றுகிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருப்பேன். டாக்டரிடமும் சொல்லியிருப்பேன், ஆனால் 'சொல்லட்டுமா ஐயா' என்று கேட்டுவிட்டுச் சொல்லியிருப்பேன். அன்று கேட்கவில்லை. கையில் பேனா இருந்தது, அடுத்த படுக்கையில் இன்னொருவர் காத்திருந்தார்.

ஆரம்பத்திலேயே பிஎச்க்யூ-8 எடுத்திருக்கலாம் என்றும் தோன்றும். அதில் ஒன்பதாவது கேள்வி கிடையாது, மற்ற எட்டும் அப்படியே இருக்கும். பதில் வந்தால் உடனே தலையிட முடியாத பெரிய கணக்கெடுப்புகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். என் ஆய்வுக்கு அதுவே போதும். முழுக் கேள்வித்தாளாக இருந்தால்தான் வைவாவில் கேள்வி வராது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் அவருக்கு அந்த எண்ணம் இல்லாமல் போயிருக்குமா? அதுவும் இல்லை.

உண்மையில் என்னை உறுத்துவது இதற்குப் பிறகு நடந்தது. இனி இப்படி ஆகக் கூடாது என்று, மிச்சமிருந்த எல்லோரிடமும் அந்த இரண்டாவது வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். புரிந்ததா என்று கேட்டேன். ஒன்பதாவது கேள்விக்கு முன்னால் மறுபடியும் ஞாபகப்படுத்தினேன். ஒரு ஆய்வாளர் செய்ய வேண்டியது அதுதான். அதற்குப் பிறகு ஒருவர்கூடப் பூஜ்யத்தைத் தாண்டவில்லை. அவருக்கு முந்தையவர்களில் சிலர் 1 சொல்லியிருந்தார்கள், ஒருவர் 2. அவருக்குப் பிந்தையவர்கள் எல்லோரும் பூஜ்யம். அதே வார்டு, அதே மெஷின்கள்.

தற்செயலாக இருக்கலாம். அவ்வளவு பேரிலும் தற்செயலா என்று கேட்டால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போடவில்லை. எல்லாத் தாள்களையும் ஒன்றாகவே சேர்த்து சராசரி எடுத்தேன். வரம்புகள் என்ற பகுதியில் ஒரே மருத்துவமனை, சிறிய மாதிரி, நோயாளிகள் தாங்களே சொன்ன பதில்கள் என்று வழக்கமானவற்றை எழுதினேன். நடுவில் நான் படிக்கும் விதத்தை மாற்றினேன் என்று எழுதவில்லை. எழுதினால், முதலில் சரியாகப் படிக்கவில்லை என்றும் எழுத வேண்டும்.

அவருடைய வரிசையை டேட்டாவிலிருந்து நீக்கினேன். தாளையும் நெறிப்படி அழித்தேன், 1 உட்பட. டேட்டா சேகரிப்பு முடியும்வரை வாரம் தவறாமல் டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போனால் கண்ணை மூடிக்கொள்வார். ஒருவேளை தூங்கியிருக்கலாம், பலர் தூங்குவார்கள்.

வைவாவில் வெளித் தேர்வாளர் ஆய்வின் ஓட்ட வரைபடத்தில் விரல் வைத்தார். 'விலகியவர்: 1' என்று ஒரு சிறிய கட்டம்.

"இவர் ஏன் விலகினார்?"

"பங்கேற்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை சார். ஒப்புதல் படிவத்திலேயே அப்படி இருக்கிறது."

"சரியான பதில்" என்றார். பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில் கேள்விவாரியான சராசரிகள் இருந்தன. மேலிருந்து கீழே வரை பார்த்துவிட்டு, இரண்டாவது தசம இடம் எதற்கு என்று மட்டும் கேட்டார்.