72 வயதில் ஓர் அட்ரினலின் ஊசி

மருந்தை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிஸ்டர் கேட்டார்: "டாக்டர், 72 வயசு, இதயத்துல ஸ்டென்ட் வெச்சவரு. அட்ரினலின் போட்டுடலாமா?"

"தொடையில அரை எம்எல் போடுங்க" என்றேன்.

அந்தப் பதிலில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் தோன்றவில்லை. ஆனால் மனம் அதை விடவும் இல்லை.

கதண்டு என்ற விஷக்குளவி கொட்டி, கடுமையான அலர்ஜியோடு வந்தவர். அதற்கு முதல் மருந்தே அட்ரினலின்தான், ஆனால் அது இதயத்தையும் விரட்டும். தோலில் தடிப்பில்லை, அரிப்பில்லை. வியர்த்துக் கொட்டியது, பிரஷர் 70, நாடி 64. இளவயதுக்காரர் என்றால் அந்தப் பிரஷருக்கு நாடி தறிகெட்டு ஓடியிருக்கும். இவர் மெட்டோபிரோலால் என்ற இதய மாத்திரை சாப்பிடுபவர், அது நாடியை ஏறவிடாது. வயதானவர்களுக்குக் கடுமையான அலர்ஜி சில நேரம் இப்படித்தான் வரும்: தோலில் ஒன்றும் காட்டாமல் நேரே ரத்த ஓட்டத்தில் கைவைக்கும். சாப்பிடும் மாத்திரை அட்ரினலினையும் முழுதாக வேலை செய்ய விடாது. அதைச் சமாளிக்கக் குளுக்ககான் என்ற ஊசி கொடுக்கலாம்; எங்களிடம் இருப்பில் இல்லை, வாங்கிவர ஆள் அனுப்பினோம். அது வருவதற்குள், 5 நிமிடம் கழித்துப் போட்ட இரண்டாவது ஊசியிலும் சலைனிலும் பிரஷர் 100-ஐத் தொட்டது.

அப்புறம்தான் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஈசிஜி மாறியிருந்தது.

"ஹார்ட் பேஷன்ட்டுன்னு சொன்னோமே டாக்டர், தெரிஞ்சும் ஏன் அந்த ஊசி?" என்றார் மகன்.

அலர்ஜியே இதய ரத்தக்குழாயைச் சுருக்கும், அதற்குக் கூனிஸ் சிண்ட்ரோம் என்று பெயரே இருக்கிறது, 1991-லேயே அதை விவரித்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். உண்மைதான். ஆனால் அட்ரினலினும் வலியைக் கிளப்பலாம், அதுவும் உண்மை. இரண்டில் எது என்று அந்த ஈசிஜி சொல்லாது. நான் முதல் பாதியை மட்டும் அழுத்திச் சொன்னேனோ என்று இப்போது படுகிறது. மகன் பயந்துபோயிருந்தார், அந்த நேரத்தில் அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றும் படுகிறது.

வயதைப் பார்த்துக் கை தயங்குகிறது. அலர்ஜியில் சாவு அதிகம் வருவதும் அந்த வயதில்தான். உயிர் போகிற அலர்ஜியில் இந்த ஊசியைப் போடவே கூடாத நோயாளி என்று யாரும் கிடையாது. படித்ததும் அதுதான், நான் நம்புவதும் அதுதான். இருந்தாலும் சிஸ்டர் கேட்ட கேள்வியை அநாவசியம் என்று என்னால் தள்ள முடியவில்லை.

தேறி வீட்டுக்குப் போனார். மெட்டோபிரோலாலை மாற்ற முடியுமா என்று இதய டாக்டரைக் கேட்டேன். இதயத்துக்கு அது வேண்டும் என்றார். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு, கூடு இன்னும் அங்கேதான் இருக்கிறதாம். தீயணைப்புத் துறைக்குச் சொல்லி முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன்.